வில்பட்டிச் சாலையில் ஒரு மஞ்சள் பட்டை: ஒரு மலை விடுதியின் தாள், பலகை, இணையப் பக்கம்

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி போகும் சாலையில் ஒரு கிளைப்பாதைக்குள் கொஞ்ச தூரம் இறங்கினால் அந்த வீடு வரும். முன்னால் பூண்டும் கேரட்டும் போட்ட அடுக்கு வயல், பின்னால் சீகை மரங்கள். குடியிருக்கும் வீட்டை ஒட்டி நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடுகிறார்கள். தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார், விடுதியை அக்கா. மதுரையில் கல்லூரி படிக்கும் அண்ணனின் மகளிடம் இணையப் பக்கமும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. பெயர் எதுவும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விடுதியின் பெயரை விட்டுவிடுகிறேன்.

வடிவமைப்பு வேலை செய்யும் என்னிடம் அவர்கள் கேட்டது ஒரு புது லோகோவும், ரோட்டில் வைக்க ஒரு பெரிய ஃப்ளெக்ஸும். "பாக்குறதுக்கு எடுப்பா இருக்கணும் தம்பி, அவ்வளவுதான்" என்றார் அக்கா. ஏன் இப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. வருகிறவர்கள் போன் மேல் போன் போடுகிறார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

லோகோவை ஓரமாக வைத்துவிட்டு மகளிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் இரண்டு விஷயம் மட்டும் குறிக்க வேண்டும்: எங்கே இருந்து கூப்பிடுகிறார்கள், என்ன கேட்கிறார்கள். சீசன் முடியும்போது அந்த நோட்டைப் பார்த்தால், கேள்விகள் நாலைந்து இடங்களிலிருந்துதான் வந்திருந்தன. கிளம்பும் முன் சொந்த ஊரிலிருந்து: இ-பாஸ் வேண்டுமா, எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது? மலை அடிவாரத்து வத்தலக்குண்டில் டீக்கடையில் நின்றபடி: இன்னும் எவ்வளவு நேரம் ஆகும், சாப்பாடு இருக்குமா? வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் சோதனைச்சாவடியில் நின்று: தண்ணீர் பாட்டிலைப் பிடித்துவிட்டார்கள், என்ன செய்வது? கடைசியாக, கிளைப்பாதையைத் தாண்டிப் போய் எங்கோ மூடுபனியில் நின்றுகொண்டு: வீடு எங்கே இருக்கிறது?

இதில் ஒரு கேள்விக்குக்கூட விடை எழுதாமல் விடப்படவில்லை. எல்லாம் அவர்கள் அனுப்பும் பிடிஎஃப் தாளிலும் இணையப் பக்கத்திலும் ஏற்கெனவே இருந்தன. தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்ட இடத்தில் அது கண்ணில் படவில்லை. ஆகவே வேலையின் அடிப்படையை இப்படி வைத்துக்கொண்டோம்: படிக்கிறவர் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறார், அங்கே என்ன முடிவெடுக்கப் போகிறார்? அழகு அதற்குப் பிறகு.

தாள்

பழைய தாள் இரண்டு பக்கம். மேலே பூக்கள் படம், அதன் கீழே வளைந்த எழுத்தில் விடுதியின் பெயர், பிறகு குடும்பத்தின் வரவேற்புரை ஒரு பத்தி. எல்லா வரியும் நடுவில் சீரமைக்கப்பட்டிருந்தது. எல்லாம் தடித்த எழுத்து. எல்லாமே முக்கியம் என்று நினைத்திருக்கிறார்கள், அதனால் எதுவும் தனியாகத் தெரியவில்லை. இ-பாஸ் பற்றிய வரி இரண்டாம் பக்கத்தில், காலை உணவு நேரத்துக்கும் வளர்ப்பு நாய் பற்றிய எச்சரிக்கைக்கும் நடுவில் இருந்தது.

அது அங்கே இருக்கக் கூடாத வரி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனம், வார இறுதியில் 6,000 வாகனம் என்ற வரம்பும் சேர்ந்தது. கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அறை இருந்தும் வர முடியாமல் போகலாம். தாளைத் திறந்தவுடன் முதலில் தெரிய வேண்டியது வரவேற்புரையா, இதுவா? அக்காவுக்கு வரவேற்புரையை எடுப்பதில் மனசில்லை. சரி, கீழே போகட்டும் என்று ஒப்புக்கொண்டார்.

புதிய தாள் ஒரே பக்கம். நாலு தலைப்புகள்: கிளம்பும் முன், மலை ஏறும் முன், சோதனைச்சாவடியில், கடைசி இரண்டு கிலோமீட்டர். மகளின் நோட்டில் இருந்த வரிசையே இங்கும் வரிசை. இ-பாஸும், கொடை ரோடு ரயில் நிலையம் கொடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி அடிவாரத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் முதல் தலைப்பின் கீழ். பெயரை நம்பி இறங்கிவிட்டு, பக்கத்தில்தான் விடுதி என்று நினைப்பவர்கள் ஒவ்வொரு சீசனிலும் உண்டு. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பானப் பாட்டில்களுக்குத் தடை என்பதும், சிக்கினால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என்பதும் "மலை ஏறும் முன்" என்பதில் வந்தன, சோதனைச்சாவடியில் அல்ல. சாவடியில் நின்று அதைப் படித்து என்ன பயன்? வத்தலக்குண்டில் படித்தால் ஒரு எவர்சில்வர் பாட்டிலாவது வாங்கிக்கொள்ளலாம்.

வடிவமைப்புப் பாடத்தில் அருகமைவு என்று ஒன்றைச் சொல்வார்கள். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றைக் கண் ஒரே கூட்டமாக எடுத்துக்கொள்ளும். மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர் 1923-ல் ஜெர்மனியில் வெளியிட்ட கட்டுரையில் வெறும் புள்ளிகளை வைத்தே இதைக் காட்டியிருக்கிறார். இந்தத் தாளில் அந்தப் பாடம் மிகச் சாதாரணமான ஒரு வேலையாக இருந்தது. பழைய தாளில் தலைப்புக்கு மேலேயும் கீழேயும் ஒரே அளவு இடைவெளி. அதனால் தலைப்பு மேலே உள்ள பத்திக்குச் சொந்தமா, கீழே உள்ளதற்கா என்று தெரியாமல் நடுவில் தொங்கியது. மேலே இடைவெளியைக் கூட்டி, கீழே பாதியாகக் குறைத்தோம். ஒரு கோடுகூடப் போடாமல் நாலு கூட்டமும் பிரிந்து தெரிந்தன.

தமிழில் தாள் போடும்போது ஆங்கிலத் தாளுக்கான வழக்கங்கள் சில எடுபடாது. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. சாய்ந்த எழுத்து என்பதும் நம் மரபில் இல்லை, சாய்த்தால் எழுத்து வழுக்கி விழுவதுபோல இருக்கும். அதனால் எது முக்கியம் என்று காட்ட நம்மிடம் இருப்பது அளவு, தடிமன், நிறம், வெற்றிடம், இவ்வளவுதான். அப்புறம் வரி இடைவெளி. மேலே ி, ீ கொக்கிகளும் புள்ளியும், கீழே ு, ூ வால்களும் இருப்பதால் ஆங்கிலத்துக்குப் போதுமான இடைவெளி தமிழுக்கு நெருக்கம். பழைய தாளில் "மூஞ்சிக்கல்" என்ற இடப்பெயரில் இருந்த மூ-வின் வால், கீழ் வரியில் இருந்த ஒரு நீ-யின் கொக்கியில் போய் முட்டிக்கொண்டிருந்தது. எழுத்தளவைப்போல 1.6 மடங்கு வைத்தபின் தனித்தனியானது. இரண்டு ஓரமும் நேராக வரும்படி இழுத்து நிறுத்துவதையும் விட்டுவிட்டோம். "சோதனைச்சாவடிக்கு" மாதிரி நீளமான சொற்கள் அடுத்த வரிக்குத் தாவும்போது, மேல் வரியில் சொற்களுக்கு நடுவே பொக்கைவாய் மாதிரி ஓட்டை விழும். இடது ஓரம் மட்டும் நேர், வலது ஓரம் அதன் போக்கில்.

இன்னொன்று வடிவமைப்பே அல்ல, ஆனால் தாள் பயனில்லாமல் போனதற்கு அதுவும் காரணம். டிடிபி கடையில் பாமினி என்ற பழைய வகை எழுத்துருவில் அடித்திருந்தார்கள்; அதில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். முகவரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்தது. முழுவதையும், எந்த போனிலும் தமிழாகவே வரும் யூனிகோடில் மறுபடி அடித்தோம். போன் எண்ணை ஐந்து ஐந்தாகப் பிரித்துத் தனி வரியில் வைத்தோம். அறைக் கட்டணப் பட்டியலில் தொகைகள் வலது ஓரத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன; 900-க்கும் 1,900-க்கும் உள்ள வித்தியாசம் படிக்காமலே தெரிந்தது.

பலகை

அதிக நேரம் பிடித்தது இதுதான். பழைய பலகை கிளைப்பாதையைத் தாண்டி, சாலைக்கு இணையாக, ஒரு யூகலிப்டஸ் மரத்தடியில் நின்றது. பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று இருந்திருக்கும். வெளியே வந்ததும் இரண்டு நிறமும் ஏறத்தாழ ஒரே வெளிச்சம்தான், மங்கிய நேரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள் ஆண்களில் கணிசம், அவர்களுக்கு நல்ல வெயிலிலும் அது வெறும் பழுப்புப் பலகை. கண்ணுக்கு வேண்டியது நிறத்தில் வேறுபாடு மட்டுமல்ல, வெளிச்சத்தில் வேறுபாடு. படம் எடுத்து போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். அண்ணனின் போனில் அப்படிக் காட்டியபோது எழுத்தே காணாமல் போயிற்று. அதற்குமேல் வாதம் எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது அளவு. போர்டு எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு புழக்கத்தில் உண்டு: பத்தடித் தூரத்துக்கு எழுத்து ஓர் அங்குலம். அந்தச் சாலையில் கார் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறது. பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க மூன்று நொடி என்றால் 25 மீட்டர், அதாவது சுமார் 80 அடி. எழுத்து எட்டு அங்குலம் வர வேண்டும். நாலடி அகலப் பலகையில் எட்டு அங்குலத் தமிழ் எழுத்து ஐந்துக்கு மேல் உட்காராது. பழைய பலகையில் விடுதியின் முழுப் பெயர், நல்வரவு, "அனைத்து வசதிகளும் உண்டு", மூன்று போன் எண்கள், ஒரு ரோஜா. காரில் போகிறவர் போன் எண்ணை எப்படிக் குறித்துக்கொள்வார்? பெயரில் ஒரு சொல், ஓர் அம்புக்குறி, இரண்டு மட்டும் மிச்சம் என்று முடிவானது. அண்ணன் ரோஜாவுக்காகக் கொஞ்சம் பேசிப் பார்த்தார். நடக்கவில்லை.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தபோது, கொடைக்கானலில் பல வருடமாகப் போர்டு எழுதும் ஓவியர் ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டோம். பெயரில் ஒரு "ண்" இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்த தடித்த எழுத்துருவில் அதை வெட்டி, ராத்திரி கார் விளக்கில் பார்த்தோம். ரேடியம் ஸ்டிக்கர் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும்போது வெள்ளை எழுத்து உள்ளதைவிடப் பருத்துத் தெரிகிறது. ண-வின் சுழிகள் அடைபட்டு, மூன்று கட்டிகளாக நின்றன. மேலே இருந்த புள்ளி தனியாகத் தெரியவே இல்லை, எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டது.

"தடிமனா இருந்தா நல்லா தெரியும்னு எல்லாரும் நினைப்பாங்க தம்பி," என்றார் ஓவியர். "உள்ள இருக்கிற ஓட்டைதான் எழுத்து. அத அடச்சுட்டா எப்படி?"

அவரே கையால் வரைந்து கொடுத்தார். கோட்டின் தடிமனைக் குறைத்து, சுழிகளை அகலத் திறந்து, முதல் சுழியின் நுனியை உள்ளே சுருட்டாமல் பாதியிலேயே நிறுத்தினார். புள்ளியைக் கம்ப்யூட்டரில் இருந்ததைப்போல ஒன்றரை மடங்காக்கி, எழுத்துக்கு மேல் நல்ல இடைவெளி விட்டு வைத்தார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கொஞ்சம் மெலிந்த, விரிந்த எழுத்து. அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. எதிர்ப்பக்க வளைவில் நின்று பார்த்தபோது "ண்" என்று வாசிக்க முடிந்தது அது ஒன்றைத்தான். அதையே ஸ்டிக்கராக வெட்டக் கொடுத்தோம்.

பின்னணி கறுப்பு, எழுத்து வெள்ளை ரேடியம், பலகையின் மேல் ஓரத்தில் முழு நீளத்துக்கு மஞ்சள் ரேடியம் பட்டை, அதில் ஒரு பூண்டின் வெளிக்கோடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவர்கள் வயலிலும் அதுதான். ஆனால் பூண்டைத் தேர்ந்தெடுத்தது பெருமைக்காக மட்டுமல்ல. உருண்டை அடி, கூரான நுனி, அவ்வளவுதான் அதன் வடிவம். சின்னதாகப் போட்டாலும், மங்கலாகத் தெரிந்தாலும் வேறொன்றாகத் தோன்றாது. ரோஜாவை அப்படிச் சுருக்க முடியாது.

ஒன்றுக்கு இரண்டு பலகைகள். முதலாவது கிளைப்பாதைக்கு முன்பே, 100 மீட்டர் என்ற எண்ணோடு, இரண்டாவது திருப்பத்திலேயே. இரண்டும் வரும் வண்டியை நேராகப் பார்த்து நிற்கின்றன. நெடுஞ்சாலை எல்லைக்குள் அனுமதியில்லாமல் தனியார் பலகை நடக் கூடாது என்பதால் ஒன்று பக்கத்துத் தோட்டக்காரரின் வேலிக்குள், அவரைக் கேட்டு. முக்கோணம், சிவப்பு வட்டம் மாதிரியான வடிவங்களைத் தொடவே இல்லை. அவை எச்சரிக்கைக்கும் கட்டளைக்கும் உரிய வடிவங்கள். மலைப்பாதையில் விடுதி விளம்பரம் அந்த வேஷம் போடுவது ஆபத்து, எனக்கு அதில் கொஞ்சம் கோபமே உண்டு. ஃப்ளெக்ஸ் வேண்டாம், அலுமினியத் தகடு என்றானது. இரும்பு அந்த ஈரத்தில் சீக்கிரமே துருப்பிடிக்கும். பாசி மட்டும் எதிலும் வரும், மாதம் ஒருமுறை துடைக்க வேண்டும்.

இணையப் பக்கம்

இதில் சொல்ல அவ்வளவு இல்லை. திறந்தவுடன் தானாக நகரும் பெரிய படங்கள், எல்லாம் மூடுபனி. அந்த வெண்புகை மேல் வெள்ளை எழுத்தில் கட்டணம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டி சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 என்கிறது. பக்கத்தின் மற்ற எழுத்துகள் வெள்ளையில் 999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம், அதன் விகிதம் 2.85 மட்டுமே. 767676 என்று ஆக்கினாலே 4.54 வந்துவிடும். நாங்கள் இன்னும் கறுப்பாக்கினோம். மதிய வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்ப்பவருக்கு விளிம்பில் பாஸ் ஆன நிறம் போதாது. அறை காலியா என்பதைப் பச்சை, சிவப்புப் பொட்டுகள் காட்டின. பக்கத்தில் "இருக்கிறது", "நிரம்பிவிட்டது" என்று எழுதினோம். வழிக்குறிப்பு முழுவதும் ஒரே படமாக இருந்ததை எழுத்தாக மாற்றியதால் பெரிதாக்கிப் படிக்கவும், தேடவும், திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கும் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கவும் முடிகிறது.

வழிப்படத்தில்தான் ஒரு நல்ல சண்டை வந்தது. வத்தலக்குண்டு, காமக்காபட்டி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, மூஞ்சிக்கல், வில்பட்டிச் சாலை, வீடு. வளைவுகளையெல்லாம் விட்டுவிட்டு ஒரே நேர்க்கோட்டில் இவற்றை வரிசையாக வைத்தோம். 1933-ல் வெளிவந்த ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் படமும் தூரத்தைக் கைவிட்டு வரிசையைத்தான் காப்பாற்றியது. கேள்வி, கோடு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது. அண்ணன் சொன்னார்: "மலை ஏறி வர்றாங்க. வத்தலக்குண்டு கீழதான் இருக்கணும், வீடு மேல." மகள் சொன்னாள்: "போன்ல மேலேருந்து கீழதானேப்பா தள்ளுவாங்க. வத்தலக்குண்டு மேல இருக்கணும்." இரண்டு பேர் சொன்னதும் சரி, வேறு வேறு பரப்புக்கு. தாளில் முழுக்கோடும் ஒரே பார்வையில் தெரிவதால் அண்ணன் சொன்னபடி கீழிருந்து மேல். போன் திரையில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டியிருப்பதால் மகள் சொன்னபடி மேலிருந்து கீழ். ஒரே நிறுவனத்தின் இரண்டு படங்கள் தலைகீழாக இருப்பது சீர்மை இல்லை என்று வடிவமைப்பாளர் யாராவது சொல்லக்கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துப் பார்ப்பவர் யாரும் இல்லை.

வண்டி ஓட்டுபவர்

எல்லாம் போட்டபின் அடுத்த சீசனில் அழைப்புகளின் வகை மாறியது. ரயில் நிலையக் கேள்வியும் பாட்டில் புலம்பலும் ஏறக்குறைய நின்றுவிட்டன. திருப்பத்தைத் தவறவிடுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. மகள் கேட்டுப் பார்த்ததில், தவறவிட்டவர்கள் பெரும்பாலும் வாடகைக் கார்களில் வந்தவர்கள். அறை பதிவு செய்தவர் பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறார். தாள் அவர் போனில். ஓட்டுநருக்குப் பலகை எப்படி இருக்கும் என்றே தெரியாது. கேரளத்திலிருந்து வரும் ஓட்டுநர்கள் பலருக்குத் தமிழ் எழுத்தும் வராது.

அதற்காக ஓட்டுநருக்கென்று தனியாக ஒரே ஒரு படம் செய்தோம். மேலே அதே மஞ்சள் பட்டை, அதே பூண்டு; நடுவில் இரவில் எடுத்த பலகையின் புகைப்படம்; கீழே "வில்பட்டிச் சாலை, இடது பக்கம்" என்பது தமிழில் பெரிதாகவும் ஆங்கிலத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவிலும்; கடைசியில் போன் எண். இரண்டு மொழியையும் ஒரே அளவில் போட்டால் எதை முதலில் பார்ப்பது என்று கண் தடுமாறும். பதிவு உறுதியானதும் போகும் செய்தியில் "இதை டிரைவருக்கு அனுப்புங்கள்" என்று ஒரு வரி. ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வருவதன் பலன் இந்தப் படத்தில்தான் தெரிந்தது. தமிழ் படிக்கத் தெரியாத ஓட்டுநர்கூட மஞ்சள் பட்டையையும் பூண்டையும் தேடிக்கொண்டு வருகிறார். "அந்த வெளுத்துள்ளி போர்டு" என்று பூண்டை மலையாளத்தில் சொல்லிக் கேட்டு, சரியாக அந்த இடத்தில் வந்து நின்றார் ஒருவர்.

இப்போது வேறொரு விஷயம் கிளம்பியிருக்கிறது. அதே கிளைப்பாதையில் இன்னும் உள்ளே இருக்கும் இன்னொரு விடுதிக்காரருக்கு இந்தப் பலகை பிடித்துப்போய், அவரும் கறுப்பில் வெள்ளை எழுத்து, மேலே மஞ்சள் பட்டை என்று ஒன்றைச் செய்து எதிர்ப்பக்கம் நட்டுவிட்டார். பூண்டு மட்டும் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு மஞ்சள் பட்டைகள், ஓட்டுநருக்கு எது எதுவென்று தெரியாது. நிறத்தை மாற்றச் சொல்லி அவரிடம் சண்டைக்குப் போக அண்ணனுக்கு விருப்பமில்லை. ஒரே கம்பத்தில் இரண்டு தகடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக, இடது ஓரம் ஒரே நேரில், அம்புக்குறிகள் ஒரே பக்கம், ஆளுக்கொரு பட்டை நிறம் என்று வரைந்து கொடுத்திருக்கிறேன். செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ள இரண்டு வீடும் சம்மதம். மேல் தகடு யாருடையது என்பதில் மட்டும் பேச்சு இன்னும் முடியவில்லை.